அம்மைத் தழும்பும் முகஜாடையும்: கேலிச்சித்திரக் கலைஞர் ஒருவர் நாகேஷின் உருவப்படத்தை வரைந்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

இந்த ஆய்வுக்கு உரிய கலைஞர் கோயம்புத்தூரைச் சேர்ந்தவர். திருமண வரவேற்புகளிலும் நிறுவன விழாக்களிலும் விருந்தினர்களை எதிரே உட்கார வைத்து, டேப்லெட்டில் சில நிமிடங்களுக்குள் கேலிச்சித்திரம் வரைந்து, அங்கேயே அச்சிட்டுக் கையில் கொடுப்பது அவருடைய தொழில். அவருடைய கோடு தயங்காமல் ஓடும். ஒரு முகத்தில் எது தனித்து நிற்கிறது என்பதைப் பார்த்த கணத்திலேயே பிடித்துவிடுவார். நிழல், தோலின் நயம், மெல்லிய நிறமாற்றம் ஆகியவற்றுக்கு அவருடைய படங்களில் இடம் இருந்ததில்லை. ஒரே நிறத்தில் நிரப்பிய பரப்புகளும் தடித்த புறக்கோடும்தான் அவருடைய அடையாளம்.

அப்படிப்பட்டவர் நடிகர் நாகேஷின் முகத்தை ஒளியும் நிழலுமாக, எண்ணெய் வண்ண ஓவியத்தின் சாயலில் டிஜிட்டலாக வரைய ஒப்புக்கொண்டபோது, தொடக்கம் முதல் அச்சு வரை உடனிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. டிஜிட்டல் ஓவியம் கற்பிப்பவன் என்ற முறையில் நான் கருத்துச் சொன்னேன். முடிவுகளை எடுத்ததும் வரைந்ததும் அவரே. அவருடைய ஒப்புதலோடும் படத்தைக் கேட்டவர்களின் ஒப்புதலோடும், பெயர்களைத் தவிர்த்து இதைப் பதிவு செய்கிறேன். பழக்கமில்லாத பாணியில் ஒருவர் தடுமாறும்போது "இன்னும் பயிற்சி வேண்டும்" என்று சொல்லிவிடுவது எளிது. எந்தப் பழக்கம் எந்த இடத்தில் கையைத் திருப்பியது என்பதை இந்த நிகழ்வில் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட முடிகிறது என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

கோரிக்கை

படத்தைக் கேட்டது கொங்கு வட்டாரத்தைச் சேர்ந்த ஓர் அமெச்சூர் நாடகக் குழு. ஒத்திகைக் கூடத்தைப் புதுப்பித்த அவர்கள், அதன் சுவரில் 2 அடி அகலமும் 3 அடி உயரமும் கொண்ட ஒரு நாகேஷ் படத்தை மாட்ட விரும்பினார்கள். 1933இல் பிறந்த நாகேஷ் தாராபுரத்துக்காரர் என்பதில் அவர்களுக்குப் பெருமை உண்டு. ரயில்வேயில் எழுத்தராக இருந்துகொண்டே மேடை ஏறி, மேடையிலிருந்து திரைக்குப் போனவர் என்பது அதைவிடப் பெரிய காரணம். பகலில் வேலைக்குப் போய்விட்டு இரவில் ஒத்திகைக்கு வரும் அந்தக் குழுவினருக்கு அவர் வெறும் நகைச்சுவை நடிகர் அல்லர். 1964இல் திரைக்கு வந்த "சர்வர் சுந்தரம்" முதலில் கே. பாலசந்தரின் மேடை நாடகமாகத்தான் இருந்தது. அந்த வரலாற்றையும் அவர்கள் பேச்சினூடே நினைவுபடுத்தினார்கள்.

குழுவின் ஆண்டுவிழா அழைப்பிதழுக்குக் கேலிச்சித்திரங்கள் வரைந்து கொடுத்தவர் என்ற பழக்கத்தில் இந்த வேலையும் இவரிடமே வந்தது. ஆனால் இம்முறை அவர்கள் கேட்டது வேறு. கூடத்துக்குள் வருபவர்கள் படத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, ஒரு நடிகரின் முன்னால் நிற்கிறோம் என்ற எண்ணம் வர வேண்டும் என்று குழுவின் மூத்தவர் சொன்னார். கலைஞர் ஒரு நாள் யோசித்துவிட்டு, தனக்குப் பழக்கமில்லாத முறை என்பதை முன்கூட்டியே சொல்லி, ஒவ்வொரு கட்டத்திலும் வரைவைக் காட்டுவதாக ஒப்புக்கொண்டார். இந்த ஒப்பந்தம் பின்னால் பெரிதும் உதவியது.

பார்த்து வரைந்த படங்கள்

நாகேஷின் இளமைக்காலப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. இணையத்தில் கிடைப்பவை பலமுறை சுருக்கப்பட்டும் கூர்மை ஏற்றப்பட்டும் வந்தவை. கன்னத்தில் தெரிவது தழும்பா, படக்கோப்பின் சிதைவா என்று பிரித்தறிய முடியாத அளவுக்கு அவற்றில் பல கெட்டுப்போயிருந்தன. அதனால் கலைஞர் நிழற்படங்களை ஒதுக்கிவிட்டு, நல்ல பிரதியில் கிடைத்த படங்களை ஓடவிட்டு, அவர் முகம் அசையும்போது பார்க்கத் தொடங்கினார். என் பார்வையில், இந்த வேலை முழுவதிலும் எடுக்கப்பட்ட மிகச் சிறந்த முடிவு அதுதான். ஒரு நிழற்படம் ஒரு கோணத்தையும் ஒரு விளக்கையும் மட்டுமே காட்டும். முகம் திரும்பும்போதுதான் கன்ன எலும்பு எங்கே முடிந்து குழி எங்கே தொடங்குகிறது என்பது தெரியவரும்.

உரிமை பற்றிய கேள்வியும் இந்தக் கட்டத்தில் எழுந்தது. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகளுக்கு நீடிக்கும்; அதாவது 1964இல் வெளியான படத்துக்கு 2024 முடியும் வரை உரிமை இருந்தது. இந்த வேலை நடந்தது அதற்கு முன்பு. ஆகவே எந்த ஒரு காட்சியையும் அப்படியே பெயர்ப்பதில்லை என்றும், பல காட்சிகளிலிருந்து முகத்தின் அமைப்பைக் கற்றுக்கொண்டு, ஒளியையும் கோணத்தையும் தாமே அமைப்பது என்றும் முடிவானது. சட்டத்துக்காக எடுத்த முடிவுதான். ஆனால் பின்னால் ஓவியத்துக்கும் அதுவே நல்லதாக முடிந்தது.

முதல் வரைவில் காணப்பட்டது

முதல் வரைவு வேகமாக வந்தது. பார்த்தவர் எவரும் நாகேஷ் என்று உடனே சொல்லக்கூடிய படம். மூத்தவர் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ஆளு தெரியுதுங்க அம்மணி. ஆனா பார்த்ததும் சிரிப்புத்தான் வருது" என்றார். கலைஞர் மறுத்துப் பேசவில்லை. ஏன் என்று கேட்டுக்கொண்டார். மூத்தவரால் அதற்கு மேல் விளக்க முடியவில்லை.

விளக்கம் அளவெடுத்தபோது கிடைத்தது. வரைவையும், ஏறத்தாழ அதே கோணத்தில் முகம் தெரியும் ஒரு காட்சியையும் அருகருகே வைத்து, கண் கோடு, மூக்கின் அடி, உதட்டுக் கோடு, மோவாய் ஆகியவற்றுக்குக் கிடைக்கோடுகள் போட்டுப் பார்த்தோம். கண்களுக்கு மேலுள்ள பகுதி குறுகியிருந்தது. மூக்கின் அடியிலிருந்து மோவாய் வரையுள்ள பகுதி கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு நீண்டிருந்தது. கழுத்து மெலிந்திருந்தது. இவை எவற்றையும் அவர் வேண்டுமென்று செய்யவில்லை. நிழலைச் சேர்த்திருந்தார், புறக்கோட்டை எடுத்திருந்தார், தூரிகையை மாற்றியிருந்தார். ஆனால் அடியில் கிடந்த எலும்புக்கூடு கேலிச்சித்திரத்தினுடையதாகவே இருந்தது.

கேலிச்சித்திரம் இயங்கும் விதத்தை நினைத்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. சராசரி முகத்திலிருந்து ஒரு முகம் எந்தெந்த வகையில் விலகி நிற்கிறதோ, அந்த விலகலைப் பெருக்கிக் காட்டுவதுதான் அந்தக் கலை. 1980களின் தொடக்கத்தில் சூசன் பிரென்னன் என்ற ஆய்வாளர் உருவாக்கிய கணினி நிரலும் இதே அடிப்படையில்தான் கேலிச்சித்திரங்களை வரைந்தது. பல ஆண்டுகள் இதையே செய்த ஒருவருக்கு அந்தப் பெருக்கல் பார்வையிலேயே கலந்துவிடுகிறது. அவர் முகத்தைப் பார்க்கும்போதே நீண்ட தாடை கூடுதல் நீளமாகத்தான் தெரிகிறது. பாணியை மாற்றுவது தூரிகையை மாற்றுவதோடு முடியாது என்பதை அந்தக் கிடைக்கோடுகள் காட்டிக்கொடுத்தன.

அடுத்த வரைவுக்கான முடிவுகள்

மூன்று முடிவுகளை அவர் எடுத்தார். நிறத்தைத் தள்ளிவைத்து, சாம்பல் நிறத்தின் ஐந்து படிகளில் மட்டும் வரைவது என்பது முதலாவது. ஐந்தே படிகள் இருக்கும்போது கை நுணுக்கங்களுக்குள் ஓட முடியாது. ஒளி விழும் பகுதி எது, நிழல் எது என்று முதலில் தீர்மானித்தே ஆக வேண்டும். கேன்வாஸை, அதாவது திரையில் வரையும் பரப்பை, அவ்வப்போது இடவலமாகத் திருப்பியும் தலைகீழாக்கியும் அளவுகளைச் சரிபார்ப்பது இரண்டாவது. தலைகீழாகக் கிடக்கும் முகத்தை யாருடைய முகம் என்று மனம் உடனே சொல்லிவிடாது; அந்த நேரத்தில்தான் கண் உள்ள அளவைப் பார்க்கிறது.

மூன்றாவது முடிவு முகபாவத்தைப் பற்றியது, மூன்றிலும் இதற்கே அதிக யோசனை தேவைப்பட்டது. நாகேஷ் என்றதும் 1965இன் "திருவிளையாடல்" தருமிதான் பலருக்கும் நினைவுக்கு வருவார். கண்கள் விரிந்து, புருவம் ஏறி, வாய் ஓயாமல் அசையும் முகம் அது. அதே நடிகர் "நம்மவர்" படத்தில் மகளை இழந்த தந்தையாக நடித்துச் சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருதையும் பெற்றவர். இரண்டு முகங்களில் ஒன்றைத் தேர்ந்தால் மற்றது விடுபட்டுப்போகும். கலைஞர் இரண்டையும் விட்டுவிட்டு, வசனம் பேசி முடித்து எதிராளியின் பதிலுக்காக அவர் காத்திருக்கும் அந்த நொடியைத் தேடினார். வாய் மூடியிருக்கும், கண்கள் முழு விழிப்போடு எதிராளியைப் பார்த்துக்கொண்டிருக்கும். நடிப்பில் தேர்ந்தவர்கள் கேட்கும்போதும் நடிப்பார்கள் என்பதை அறிந்த நாடகக் குழுவுக்கு இது உடனே பிடித்துப்போனது.

இரண்டாம் வரைவு

இம்முறை அளவுகள் சரியாக இருந்தன. நிழலின் அமைப்பும் நன்றாகவே இருந்தது. ஆனால் குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் படம் யாருடையது என்றே கேட்டார். ஒல்லியான, கண்ணியமான, யாரோ ஒரு மனிதர் திரையில் இருந்தார். முதல் வரைவில் ஜாடை மிகுந்து அளவு கெட்டிருந்தது. இப்போது அளவு சரியாகி ஜாடை போய்விட்டது.

காரணத்தைத் தேட வெகுநேரம் ஆகவில்லை. மென்மையான ஏர்பிரஷ்ஷால் ஒளியிலிருந்து நிழலுக்குப் போகும் இடங்களையெல்லாம் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். வண்ணங்களை இழுத்துக் கலக்கும் ஸ்மட்ஜ் கருவியும் தாராளமாகப் பயன்பட்டிருந்தது. நிஜச்சாயல் என்றால் வழவழப்பு என்ற எண்ணம் டிஜிட்டல் ஓவியத்துக்குப் புதிதாக வருபவர்கள் பலரிடமும் உண்டு. கைப்பேசிக் கேமராவின் அழகூட்டும் ஃபில்டர்கள் அந்த எண்ணத்தை இன்னும் ஆழமாக ஊன்றிவிட்டன. நாகேஷின் முகத்திலோ அம்மைத் தழும்புகள் உண்டு. தமிழகம் அறிந்த முகம் அது, அந்தத் தழும்புகளோடுதான் அறிந்தது. அவை இரண்டாம் வரைவில் ஒன்றுகூட இல்லை.

வேண்டுமென்றே விட்டீர்களா என்று கேட்டேன். பாதி வேண்டுமென்றுதான் என்றார். கேலிச்சித்திரத்தில் தழும்பைப் புள்ளிகளாகப் போட்டால் அது கேலியாகிவிடும் என்பதால் விருந்தினர்களின் முகத்தில் உள்ள தழும்பு, மரு, பரு எதையும் வரையக் கூடாது என்பது அவர் தொழிலில் கடைப்பிடித்துவந்த நாகரிகம். மதிக்கத்தக்க நாகரிகம்தான். ஆனால் அந்த முகத்தோடுதான் ஒரு மனிதர் கதாநாயகர்களின் காலத்தில் திரையை நிறைத்தார் எனும்போது, அதை அழிப்பது மரியாதை ஆகாது என்று நான் உறுதியாக நினைத்தேன், சொன்னேன். மூத்தவரும் அதையே வேறு விதமாகச் சொன்னார்: "அந்த மொகத்த வெச்சுக்கிட்டுத்தானுங்க அவரு ஜெயிச்சாரு."

தழும்புகளை வரைந்த முறை

தழும்புகளைச் சேர்க்கும் முதல் முயற்சியில் அவர் புள்ளிகளைத் தெளிக்கும் டெக்ஸ்சர் தூரிகை ஒன்றைப் பயன்படுத்தினார். கன்னம் முழுவதும் ஒரே சீராகப் புள்ளிகள் விழுந்தன. முகம் பலாப்பழத் தோல் போலப் புடைத்துத் தெரிந்தது. குழிகள் ஏன் மேடுகளாகத் தெரிகின்றன என்று அவருக்கே புரியவில்லை.

பதில் ஒளியின் திசையில் இருந்தது. படத்தில் ஒளி மேலே இடப்பக்கத்திலிருந்து வருவதாக அமைத்திருந்தார். ஒரு மேட்டின் மீது ஒளி விழுந்தால் விளக்கின் பக்கம் இருக்கும் சரிவு வெளுக்கும், எதிர்ச்சரிவு இருளும். குழியில் இது தலைகீழ்: விளக்கை ஒட்டிய விளிம்பின் உட்சரிவு நிழலில் இருக்கும், எதிர்விளிம்பு ஒளியை வாங்கி மின்னும். தெளிப்புத் தூரிகையின் புள்ளிகள் ஒவ்வொன்றிலும் வெளிச்சம் இடப்பக்கத்தில் இருந்தது. அதனால் கண் அவற்றை மேடு என்றே படித்தது.

புள்ளிகள் இருந்த அடுக்கை (மற்றவற்றைத் தொடாமல் தனியே அழிக்கக்கூடிய தளம்) முழுவதும் அழித்துவிட்டு அவர் கையால் வரையத் தொடங்கினார். ஒரு மாலை முழுவதும் கன்னத்தில் ஓர் உள்ளங்கை அளவு பகுதிதான் முடிந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததால் அந்த வரிசையைச் சொல்ல முடிகிறது: தோலின் நிறத்தைவிட அரைப்படி இருண்ட, ஒழுங்கற்ற ஒரு சிறு தீற்றல், அதன் வலது கீழ் விளிம்பில் நகக்கீறல் போன்ற ஒரு வெளிர்கோடு, பின்பு அந்த வெளிர்கோட்டின் ஒரு முனையை மட்டும் சுற்றியுள்ள தோலோடு கரைத்துவிடுவது. எந்த இரண்டு குழிகளும் ஒரே அளவில் இல்லை. சில ஒன்றோடொன்று சேர்ந்திருந்தன.

அதைவிடவும் முக்கியமானது, எங்கே வரையவில்லை என்பது. முழு ஒளி நேராக விழும் இடத்தில் ஆழமில்லாத குழிகளுக்கு நிழல் விழ இடமில்லை. அடர்ந்த நிழலுக்குள்ளும் அவை தெரியாது. ஒளி சாய்வாக உரசிப்போகும் இடைப்பட்ட பட்டையில்தான் தோலின் மேடுபள்ளம் அனைத்தும் வெளிப்படும். ஆகவே நெற்றியின் நடுவிலும் இருண்ட பக்கத் தாடையிலும் எதையும் சேர்க்காமல், கன்ன எலும்பிலிருந்து வாய்க்கோடு நோக்கி இறங்கும் பட்டையில் மட்டும் தழும்புகளை வைத்தார். அந்தப் பட்டை முடிவதற்குள்ளேயே ஜாடை திரும்பிவிட்டது. கண்ணையோ மூக்கையோ அவர் தொடவே இல்லை. என் கற்பித்தல் அனுபவத்தில் ஒரு முகம் இப்படி ஒரு கன்னத்திலிருந்து தன்னை மீட்டுக்கொண்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நிறம்

சாம்பல் படத்தின் மீது 'கலர்' கலப்பு முறையில் (அடியிலுள்ள ஒளியும் இருளும் அப்படியே இருக்க, நிறம் மட்டும் ஏறும் முறை) ஓர் அடுக்கைப் போட்டு நிறமேற்றும் முறையை அவர் முதலில் முயன்றார். விரைவான வழிதான்; ஆனால் தோல் முழுவதும் ஒரே நிறமும் வெவ்வேறு இருளுமாகி, சாம்பல் பூத்த முகம் ஒன்று கிடைத்தது. தோலில் இருள் மட்டும் மாறுவதில்லை, நிறமும் இடத்துக்கு இடம் மாறுகிறது. நெற்றியில் மஞ்சள் சாயல் கூடுதல். மூக்கு, கன்னம், காது ஆகிய இடங்களில் இரத்த ஓட்டத்தால் சிவப்பு. மழித்த தாடையில் சற்று நீலம் கலந்த மங்கல்.

இவற்றை எங்கிருந்து எடுப்பது என்பதே சிக்கல். 1964இன் "காதலிக்க நேரமில்லை" வண்ணப்படம். அதில் நாகேஷ் இருக்கிறார். ஆனால் அக்காலத்து ஒப்பனையும் பழைய பிரதிகளின் நிறத்திரிபும் சேர்ந்து, அதில் தெரியும் தோல் நிறம் அவருடையது என்று நம்ப முடியாதபடி இருந்தது. நாடகக் குழுவில் ஏறத்தாழ அதே மாநிறமும் ஒட்டிய கன்னமும் கொண்ட ஒருவரை ஜன்னலோரம் உட்கார வைத்து, ஒளி வரும் திசையைப் படத்துக்கு ஏற்ப அமைத்து, நிறங்களை மட்டும் பார்த்துக் குறித்துக்கொண்டார். சாம்பல் படத்தை அடியில் வழிகாட்டியாக வைத்துக்கொண்டு, அதன்மேல் புதிதாக முழு நிறத்தில் தீட்டினார். நிழலுக்கு மாறும் விளிம்பில் சற்று அழுத்தமான செந்தவிட்டு நிறத்தை வைத்ததும் முகத்தில் உயிர் வந்தது.

அச்சும் வரவேற்பும்

அச்சுக்கு ஏற்பக் கேன்வாஸ் தொடக்கத்திலேயே 4800க்கு 7200 பிக்சல் அளவில் அமைக்கப்பட்டிருந்தது. 2 அடிக்கு 3 அடி என்னும் அளவில் அங்குலத்துக்கு 200 பிக்சல். சுவரில் மாட்டிச் சில அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இது தாராளம். இத்தனை பெரிய கோப்பில் டேப்லெட் அனுமதிக்கும் அடுக்குகளின் எண்ணிக்கை குறைந்துவிடுவதால், முடிந்த அடுக்குகளை அவ்வப்போது இணைத்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. திரும்பிப்போக வழியில்லாத இந்த நெருக்கடி, தயங்கித் தயங்கி அழித்துப் பார்க்கும் வழக்கத்தைக் குறைத்தது என்பது என் கணிப்பு.

பளபளப்பில்லாத கேன்வாஸ் துணியில் எடுத்த மாதிரி அச்சில், திரையில் தெளிவாகத் தெரிந்த தாடையின் இருண்ட பக்கம் முழுவதும் கறுத்து அமுங்கிப்போயிருந்தது. திரை தானே ஒளிர்கிறது. துணி தன்மீது விழும் ஒளியில் ஒரு பகுதியைத்தான் திருப்பித் தருகிறது. நிழல்களைச் சற்றே தூக்கி, தழும்புப் பட்டையின் வெளிர்கோடுகளை லேசாகக் கூட்டி இறுதி அச்சு எடுக்கப்பட்டது.

படம் கூடத்தில் மாட்டப்பட்டபோது கருத்துகள் ஒருமுகமாக இல்லை. மூத்தவர் முழு மனதோடு ஏற்றுக்கொண்டார். இளையவர்களில் சிலர் நாகேஷ் சிரித்திருக்கலாம் என்றார்கள். படம் அளவுக்கு மீறி இறுக்கமாக இருக்கிறது என்று ஒருவர் வெளிப்படையாகவே சொன்னார். அந்தக் கருத்திலும் நியாயம் இருப்பதாக நான் நினைக்கிறேன். உதட்டோரத்தில் இன்னும் சிறிது தளர்வு இருந்திருந்தால் காத்திருக்கும் நொடியில் குறும்பும் சேர்ந்திருக்கும். ஆனால் யாருடைய படம் என்று எவரும் கேட்கவில்லை.

கலைஞர் தம் வழக்கமான வேலைக்குத் திரும்பிவிட்டார். அவருடைய கேலிச்சித்திரங்களில் ஒரு மாற்றத்தை நான் கவனிக்கிறேன்: புறக்கோடு எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இல்லாமல், ஒளி வரும் பக்கத்தில் மெலிந்து நிழல் பக்கத்தில் தடிக்கிறது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

முதல் வரைவுக்கு முன்பே முகபாவத்தைப் பேசி முடித்துவிட வேண்டும் என்பதில் கலைஞரும் நானும் ஒத்துப்போகிறோம். எந்த முகத்தை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள் என்று குழுவினர் ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்தால், மாட்டிய பிறகு வந்த கருத்து பென்சில் கட்டத்திலேயே வந்திருக்கும். மாதிரி அச்சையும் கடைசிக்கு ஒதுக்காமல், சாம்பல் படிகள் முடிந்தவுடன் ஒரு சிறு துண்டில் எடுத்துப் பார்ப்பது நல்லது. நிழல் எவ்வளவு அமுங்கும் என்பது தெரிந்தால் நிறத்தை அதற்கேற்பத் தீட்டலாம்.

அளவெடுக்கும் இடத்தில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அடுத்த முறை நிழற்படத்தின் மீது கட்டம் போட்டே தொடங்கப்போவதாக அவர் சொல்கிறார். முதலில் கண்ணளவில் வரைந்து, பிறகு கிடைக்கோடு போட்டுத் திருத்துவதே அவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. தாடை எவ்வளவு நீண்டது என்பதை அவர் தாமே கண்டுபிடித்ததால்தான் இரண்டாம் வரைவில் அது திரும்ப வரவில்லை.

கூலி விஷயத்திலும் ஒரு மாற்றம் தேவை. வழக்கமான கேலிச்சித்திரத்துக்கு நேரக் கணக்கில் கூலி பேசுபவர், இந்த வேலைக்கும் அதே கணக்கில் ஒரு தொகையைச் சொல்லியிருந்தார். கன்னத்துக்கு மட்டும் செலவான மாலைகள் அந்தக் கணக்கில் அடங்கவில்லை. வரைவு, சாம்பல் படம், நிறம், அச்சு என்று கட்டம் கட்டமாகப் பிரித்துத் தொகை பேசுவது என்றும், பழக்கமில்லாத பாணிக்கு முதல் கட்டத்தைத் தனி ஒப்பந்தமாக வைத்துக்கொள்வது என்றும் அவர் இப்போது முடிவு செய்திருக்கிறார். நாடகக் குழுவினர் அடுத்த சுவருக்குக் கேட்டிருக்கும் படத்துக்கு அந்த முறையிலேயே பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.